கடைமடைக்கு வந்த தமுக்கு

எந்தக் காலம், எந்தத் திசை என்றெல்லாம் கேட்க வேண்டாம். ஒரே ஓர் ஏரியை நம்பி ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டில் ஒரு தமுக்கு இருந்தது. தெருத்தெருவாகப் போய்ச் சேதி சொல்வது அதன் பிழைப்பு. கல்யாணம், சாவு, காணாமல் போன மாடு என்று சில்லறைச் சேதிகள் ஆயிரம் உண்டு. ஆனால் வருடத்துக்கு ஒரு பெரிய சேதி இருந்தது. ஏரி நிறைந்ததா, இல்லையா என்பதே அது.

தமுக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு நடப்பவர் மாசிலாமணி. இருவருக்கும் வயதாகிவிட்டது. மாசிலாமணிக்கு முழங்காலில் வலி. வீடு திரும்பியதும் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்வார். தமுக்குக்கும் அலுப்பு உண்டு. ஆனால் தமுக்குக்கு யார் ஒத்தடம் கொடுப்பார்கள்? வெயிலில் காயவைத்தால் சரியாகிவிடும் என்று சுவரோரம் சாய்த்து வைத்துவிடுவார்கள்.

ஏரிக்குள், கரையை ஒட்டி, படித்துறைக்குப் பக்கத்தில் ஒரு கல் நட்டிருந்தது. அளவுகல் என்று அதற்குப் பெயர். உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு கோடு வெட்டியிருக்கும். அந்தக் கோடு நனைந்தால் நாடு நிறைந்தது என்று பொருள். நாட்டுத் தலைவர் மேளதாளத்தோடு வந்து கல்லுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து மாலை போடுவார். உடனே தமுக்கு கிளம்பும். "கல்லு நனைஞ்சுது, நாடு நெறைஞ்சுது" என்று மாசிலாமணி கூவுவார், தமுக்கு ஆமாம் போடும். பக்கத்து நாடுகளிலும் இதேபோல் கற்கள் உண்டு. தலைவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால் பிள்ளைகுட்டிகளை விசாரிப்பதற்கு முன்னால் கல்லைத்தான் விசாரிப்பார்கள்.

கல்லை வைத்து ஒரு வழக்கமும் ஏற்பட்டிருந்தது. கோடு நனையாத வருடங்களில் முறை வைப்பார்கள். முறை என்றால், எந்த வயலுக்கு எந்த நாளில் தண்ணீர் என்று பேசி முடிவுசெய்து, அதன்படி மடைகளைத் திறந்து மூடுவது. அதுவும் வாய்க்காலின் கடைசியில் கிடக்கும் வயலிலிருந்துதான் தொடங்குவார்கள். தலைமாட்டில் இருப்பவனுக்கு எப்படியும் கிடைத்துவிடும், கால்மாட்டில் இருப்பவனை முதலில் கவனிப்போம் என்ற எண்ணம். கோடு நனைந்துவிட்டாலோ முறை கிடையாது. நிறைந்த நாட்டில் முறை எதற்கு? அவரவர் மடையை அவரவர் திறந்துகொள்ளலாம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

சில வருடங்களாகக் கல் தவறாமல் நனைந்துகொண்டிருந்தது. நனைவது மட்டுமல்ல, வரவரச் சீக்கிரமாகவும் நனைந்தது. முன்பெல்லாம் மார்கழிக் குளிரில் தொட்ட கோட்டைப் பிறகு கார்த்திகையிலேயே தண்ணீர் தொட்டது. இந்த வருடம் ஐப்பசி முடிவதற்குள் தொட்டுவிட்டது. தலைவருக்கு நிலைகொள்ளவில்லை. நம் நாடு நடக்கவில்லை, ஓடுகிறது என்று போகிற இடமெல்லாம் சொன்னார். வேகமாக நிறைகிற ஏரியை எதற்குத் தூர்வார வேண்டும் என்று கோடைக்குக் கோடை சேறு அள்ளி வயலில் போடும் வேலையையும் நிறுத்தியிருந்தார்கள். அந்தச் செலவில் படித்துறைக்கு ஒரு தோரணவாயில் கட்டினார்கள்.

தமுக்கு மட்டும் சந்தோஷப்படவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. ஏரியில் தொடங்கி வாய்க்காலின் கடைசிவரை போகிறவர்கள் அந்த நாட்டில் மாசிலாமணியும் அதுவும்தான்.

ஏரிக்கரையை அடுத்த தலைமடை ஊர்களில் எப்போதும் ஈரம். கரும்பும் வெற்றிலையும் கண்ணுக்கு எட்டிய தூரம் நிற்கும். வீட்டுச் சுவரில்கூடப் பாசி பிடித்திருக்கும். வேண்டிய தண்ணீரை எடுத்துக்கொண்டு வேண்டாததை வடிகாலில் விட்டுவிடுவார்கள். அந்தக் காற்றில் தமுக்கின் தோல் தொய்ந்துபோகும். வைக்கோலைக் கொளுத்திச் சூடு காட்டி அடித்தாலும் 'பொத் பொத்' என்றுதான் கேட்கும். யாரும் வாசலுக்கு வந்து எட்டிப் பார்ப்பதுமில்லை. நாடு நிறைந்த சேதியை அவர்களுக்குச் சொல்லவா வேண்டும்?

கீழே போகப் போக வாய்க்கால் ஒடுங்கும். சேறு ஈரமண்ணாகும். ஈரமண் காய்ந்து வெடிக்கும். தமுக்கின் தோல் விறைத்துக்கொண்டே வரும். கடைமடையில் போய் ஓர் அடி அடித்தால் கணீரென்று நாலு தெருவுக்குக் கேட்கும். தண்ணீர் இருக்கிற இடத்தில் தன் குரல் எழும்பாமல், இல்லாத இடத்தில் இப்படி ஓங்கி எழும்புவதை நினைத்தால் தமுக்குக்கு வெட்கமாக இருக்கும். ஆனால் அடிக்கிற கை அடித்தால் தோல் பேசித்தானே ஆக வேண்டும்.

இந்த வருடமும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தார்கள். மாசிலாமணி தமுக்கை அவிழ்த்துக் கடைமடையின் ஓரத்தில் வைத்துவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தார். கடைமடை என்பது வாய்க்கால் முடிகிற இடத்தில் இரண்டு கல்லை நிறுத்தி, நடுவே பலகை செருகிய சின்ன வாசல். பலகை எப்போதோ உளுத்துப்போய்விட்டது. திறப்பதற்கும் மூடுவதற்கும் ஒன்றுமில்லாத வாசலில் ஓர் ஓணான் குடியிருந்தது.

"வந்துட்டியாண்ணே," என்றது கடைமடை. "இந்த வருஷமும் நெறைஞ்சுதா?"

"நெறைஞ்சுதும்மா."

"நல்லதாப் போச்சு."

அதில் குத்தல் இல்லை. குத்திப் பேசுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். கடைமடை, தன் நாக்கு நனைந்து எவ்வளவு காலம் ஆகிறது என்று யோசிப்பதாகச் சொன்னது. கடைசியாக நனைந்தது ஒரு பஞ்ச வருடத்தில். அப்போது கல் நனையவில்லை, முறை வைத்தார்கள், முதல் தண்ணீர் இங்கேதான் வந்தது. அதற்குப் பிறகு நாடு வருடா வருடம் நிறைந்துவிட்டது.

"பஞ்சத்துலதாண்ணே நாங்க சாப்பிட்டோம்," என்றது கடைமடை. "நெறைஞ்ச வருஷத்துலதான் பட்டினி. வெளியில சொன்னா யாரு நம்புவாங்க?"

அதற்குள் வயலிலிருந்து பூங்காவனம் வந்தாள். கடைமடைக்கு அடுத்தாற்போல் இருக்கும் வயல் அவளுடையது. பக்கத்து வயல்காரர்கள் ஒவ்வொருவராகச் செங்கல் சூளைக்குப் போய்விட்டார்கள். இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு பூங்காவனம் மட்டும் ஒட்டிக்கொண்டு கிடந்தாள். ஆடியில் கிடைத்த மழையில் விதைத்த நெல், எப்படியோ உயிரைப் பிடித்துக்கொண்டு கதிர் விட்டிருந்தது. பால் பிடிக்கிற பருவம். இப்போது ஒரு தண்ணீர் பாய்ந்தால் நெல், பாயாவிட்டால் பதர். பதராகிவிட்டால் அவளும் பிள்ளைகளோடு சூளைக்குப் போக வேண்டியதுதான். முன்பணம் வாங்கிக்கொண்டு சூளைக்குப் போனவர்கள் திரும்பி வந்ததாக அந்தப் பக்கத்தில் பேச்சில்லை.

அவள் கதிர் ஒன்றைக் கிள்ளி மாசிலாமணியிடம் காட்டினாள். நசுக்கினால் துளி பால் வந்தது. ஏரி நிறைந்திருக்கிறது என்றால் ஒரு தண்ணீர், ஒரே ஒரு தண்ணீர், தலைவரிடம் சொல்லி வாங்கித் தர முடியுமா என்று கேட்டாள். சேதி சொல்கிற ஆள் இங்கிருந்து சேதி கொண்டுபோனால் அங்கே யாரும் காது கொடுக்க மாட்டார்கள், நீயே வா தங்கச்சி என்றார் மாசிலாமணி. அவள் அப்படியே, காலில் ஒட்டிய புழுதியோடு அவர் பின்னாலேயே கிளம்பிவிட்டாள்.

ஏரிக்கரையில் கல் நனைந்ததற்கான விருந்து இன்னும் நடந்துகொண்டிருந்தது. தலைவர் பொல்லாதவர் இல்லை. பூங்காவனத்தை உட்காரச் சொன்னார், சாப்பிட்டாயா என்று விசாரித்தார், அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். ஏரியில் இருக்கிற தண்ணீரையெல்லாம் குடம் குடமாக மொண்டு நாட்டு ஜனத்துக்கெல்லாம் பங்கு போட்டால் தலைக்கு எத்தனை குடம் வரும் தெரியுமா என்று கேட்டார். போன வருடத்தைவிட அதிகம், பக்கத்து நாட்டைவிட மிக அதிகம். அவளும் இந்த நாட்டு ஜனம்தானே? அப்படியென்றால் அவளிடமும் அத்தனை குடம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

"அந்தக் குடம் என் வாசலுக்கு வரலீங்களே ஐயா," என்றாள் பூங்காவனம்.

"கணக்குக்கு வந்துடுச்சும்மா. வாசலுக்கும் வரும். மேல நெறைஞ்சா கீழ வழியாமலா போகும்?"

முறை வைத்தால் போதும் என்று அவள் மறுபடி சொன்னாள். தலைவரின் முகம் மாறியது. கல் நனைந்திருக்கும்போது முறை வைத்தால், இந்த நாட்டில் என்னவோ பஞ்சம் என்று பக்கத்து நாட்டுக்காரன் பேசமாட்டானா? இத்தனை பேர் பாடுபட்டுச் சேர்த்த பெயரை ஒரு வயலுக்காகக் கெடுப்பதா? கல் ஒருபுறம் நிறைந்தது என்கிறது, நீ ஒருபுறம் இல்லை என்கிறாய், நான் யார் பேச்சைக் கேட்பது என்றார். பூங்காவனம் கல்லைப் பார்த்தாள். கழுத்தில் மாலையோடு, கோடு நனைய, அது தண்ணீரில் நின்றிருந்தது. கல்லோடு எப்படி வழக்காடுவது? முந்தானையை உதறிப் போட்டுக்கொண்டு வந்த வழியே நடந்தாள்.

மாசிலாமணி தமுக்கைப் படித்துறையில் வைத்துவிட்டுப் பந்திக்குப் போயிருந்தார். தமுக்குக்கு இதற்கு மேல் தாங்கவில்லை.

"அண்ணே," என்று கல்லைக் கூப்பிட்டது. "அந்தப் பொண்ணு பேசினது காதுல விழுந்துதா?"

"விழுந்துது."

"ஒருவாட்டி, ஒரே ஒருவாட்டி, நெறையலைன்னு சொல்லக் கூடாதா? நீ சொன்னா முறை வைப்பாங்க. தலைவரு வேற யாரு சொன்னாலும் கேக்க மாட்டாரு."

கல் சொன்னது: "தண்ணி எதுவரைக்கும் ஏறி நிக்குதுன்னு கேட்டா நான் சொல்லுவேன் தம்பி. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். கீழ என்ன இருக்கு, அது எங்க போவுது, யாரு குடிச்சாங்க, இதையெல்லாம் என்கிட்ட ஒருத்தரும் கேட்டதில்ல. கேட்டாலும் சொல்ல எனக்கு வாயில்ல. இருக்கறது ஒரு கோடு."

"கீழ என்ன இருக்கு?" என்று தமுக்கு கேட்டது.

தண்ணீருக்கு அடியிலிருந்து மெதுவான, கொழகொழத்த குரல் ஒன்று வந்தது.

"நான் இருக்கேன்," என்றது வண்டல்.

அப்போதுதான் தமுக்குக்கு விஷயமே தெரியவந்தது. கல்லின் இடுப்புக்கு மேல் வரை வண்டல் ஏறியிருந்தது. மேற்கே மலைக்காட்டை வெட்டியபோது சரிந்த மண் ஏரிக்குள் வந்தது, கல் சீக்கிரம் நனைந்தது. வெள்ளத்தில் மலையடிவாரத்து வீடுகள் இடிந்து, மண்ணும் கூரையுமாக ஏரிக்குள் வந்தன, கல் இன்னும் சீக்கிரம் நனைந்தது. வீட்டை இழந்தவர்கள் கரையில் உட்கார்ந்து அழுத வருடத்தில்தான் தலைவர் பெரிய மாலையாகப் போட்டாராம். அடியில் சேறு ஏற ஏற மேலே கொஞ்சம் தண்ணீர் வந்தாலே கோடு நனைந்துவிடும். ஊரார் நிறைவு என்று கும்பிட்டதில் பாதிக்கு மேல் சேறு. ஐப்பசியில் நிறைகிற ஏரி தைக்குள் வற்றிப்போவதும் அதனால்தான். வற்றின பிறகு கல்லைப் பார்க்க யாரும் வருவதில்லை.

"எனக்கு மட்டும் ஆசையா இங்க கெடக்கணும்னு?" என்றது வண்டல். "முன்னயெல்லாம் கோடையில வந்து வண்டி வண்டியா அள்ளிட்டுப் போவாங்க. வயலுக்குப் போனா என்னைச் சோறுன்னு சொல்லுவாங்க. இங்க கெடந்தா தண்ணின்னு சொல்றாங்க. ரெண்டுல எது நெசம்னு எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு."

தமுக்கு நினைத்துப் பார்த்தது. இத்தனை வருடம் தெருத்தெருவாகப் போய் எதைக் கூவினோம்? காடு அழிந்ததையும் வீடு இடிந்ததையுமா நிறைந்தது, நிறைந்தது என்று சொல்லிக்கொண்டு திரிந்தோம்? அழுகை வந்தது. ஆனால் தமுக்கு அழுதால் தோல் நனைந்துவிடும், பிழைப்பு போய்விடும் என்று அடக்கிக்கொண்டது.

"நான் நிமிந்து நிக்கறதாலதானே இவ்வளவும்," என்றது கல் கடைசியில். "சாஞ்சுட்டா? சாஞ்ச கல்லு சொல்றதை எவன் நம்புவான்? எனக்கும் நின்னு நின்னு அலுத்துப்போச்சு. மாலை போட்டுட்டு எல்லாரும் போயிடறாங்க. அது அழுகற நாத்தம் தை வரைக்கும் என் கழுத்துலதானே கெடக்குது." பிறகு வண்டலைப் பார்த்து, "கொஞ்சம் விட்டுக்குடு," என்றது.

வண்டல் யோசித்தது. கல் நேராக நிற்பதே தான் பிடித்துக்கொண்டிருப்பதால்தான், விட்டால் திரும்ப நிறுத்த முடியாது என்று எச்சரித்தது. தெரியும் என்றது கல். வண்டல் தன் பிடியை ஒரு பக்கம் நெகிழ்த்தியது. கல் மெல்ல, முதுகு வளைந்த கிழவனைப்போல, ஏரிக்குள் பக்கமாகச் சாய்ந்தது. முறை வைப்பார்கள், பூங்காவனத்தின் வயலுக்கு முதல் தண்ணீர் போகும், அந்தச் சேதியை ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்று தமுக்கு நினைத்தது. சேதி சொல்ல ஆசைப்பட்டதே அன்றைக்குத்தான்.

மறுநாள் காலை தலைவர் வந்து பார்த்தார். நின்ற இடத்திலேயே கையைத் தட்டினார்.

"அடடே, கோட்டுக்கு மேல ஒரு சாண் ஏறி நிக்குதே!"

நேராக நிற்கிற கோலைவிடச் சாய்ந்த கோல் தண்ணீரில் அதிகம் முழுகும். குளத்தில் குச்சி நட்டு விளையாடுகிற பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த விஷயம். கூட வந்தவர்களில் ஒருவர், கல் சாய்ந்திருப்பதுபோல் தெரிகிறதே என்று மெல்ல இழுத்தார். கல் எப்படி இருந்தால் என்ன, கோட்டைப் பாருங்கள் என்றார் தலைவர். எல்லோரும் கோட்டைப் பார்த்தார்கள். தண்ணீர் ஒரு சாண் மேலேதான் இருந்தது. சரித்திரத்திலேயே இல்லாத நிறைவு என்று இன்னொரு மாலை வந்தது.

கல் எண்ணியது வேறு, நடந்தது வேறு. பொய்யைக் கலைக்கச் சாய்ந்தது, சாய்ந்ததில் பொய் இன்னும் பெரிதாகிவிட்டது. இன்னும் சாய்ந்து பார்த்தது. சாயச் சாயத் தண்ணீர் ஏறிக்கொண்டே போனது, தலைவரின் முகமும் மலர்ந்துகொண்டே போனது. கரும்புக்காரர்கள் இன்னும் அகலமாக மடை திறந்தார்கள். வண்டலுக்கு இனிமேல் பிடித்துவைக்க முடியவில்லை. ஒரு மத்தியான வேளையில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கல் ஒரு பெருமூச்சு விட்டதுபோல் குமிழி விட்டு, முழுக்க உள்ளே போய்விட்டது.

கரையில் இருந்தவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். தமுக்கு மட்டும் நம்பிக்கையோடு காத்திருந்தது. கல்லே இல்லை. கோடே இல்லை. இனி என்ன செய்வார்கள்? கீழே நடந்து போய்ப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லையே.

தலைவர் படித்துறையின் கடைசிப் படிவரை இறங்கிப் போனார். கல் இருந்த இடத்தில் தண்ணீர் தகதகவென்று கிடந்தது. கண்ணில் நீர் மல்கத் திரும்பி வந்தார்.

"கல்லே முழுகிடுச்சு," என்றார். "இனிமே நம்ம வளத்துக்கு அளவே இல்ல. மாசிலாமணி, கெளம்பு."

மாசிலாமணி கிளம்பினார். வேறென்ன செய்வார்? தமுக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு முழங்காலைத் தடவிவிட்டு நடந்தார். "கல்லு முழுகுச்சு, நாட்டு வளத்துக்கு அளவில்ல" என்பது புதுச் சேதி. தலைமடை ஊர்களில் 'பொத் பொத்' என்று போனது. நடுவூர்களில் கொஞ்சம் தேறியது. வாய்க்கால் வெடித்துக் கிடந்த இடத்திலிருந்து தமுக்கின் குரல் தானாக ஏறத் தொடங்கியது. அது எவ்வளவோ அடக்கிப் பார்த்தது. காய்ந்த காற்று விடவில்லை.

கடைமடையில் ஓணான்கூட இல்லை. "அம்மா" என்று தமுக்கு கூப்பிட்டுப் பார்த்தது. பதில் வரவில்லை. இரண்டு கற்களுக்கு நடுவே புழுதி மட்டும் மேடிட்டிருந்தது.

பூங்காவனம் வயலில் நின்று பயிரை அறுத்துக்கொண்டிருந்தாள். கதிர்கள் தலை சாயாமல் விறைப்பாக நின்றன. உள்ளே ஒன்றுமில்லாத கதிருக்குத் தலை சாயத் தெரியாது. யார் வீட்டு மாட்டுக்காவது ஆகட்டும் என்று அறுத்துக் கட்டினாள். வீட்டு வாசலில் ஒரு மூட்டையும் இரண்டு பாயும் கட்டிவைத்திருந்தாள். பிள்ளைகள் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார்கள். சூளைக்காரரின் வண்டி வரவேண்டியதுதான் பாக்கி.

மாசிலாமணி அவள் முகத்தைப் பார்க்காமல் தெருமுனையில் நின்று அடித்தார். கணீரென்று எழுந்தது. இத்தனை வருடத்தில் தமுக்கு அவ்வளவு சுத்தமாகப் பேசியதில்லை. காலி வீடுகளுக்குள் புகுந்து எதிரொலித்தது. "கல்லு முழுகுச்சு, நாட்டு வளத்துக்கு அளவில்ல!" ஒருமுறை, இன்னொருமுறை. மூன்றாவது முறை கூவ வாயைத் திறந்தபோது மாசிலாமணிக்குக் குரல் வரவில்லை. தொண்டை ஒட்டிக்கொண்டது. கண் இருட்டியது. தட்டுத்தடுமாறி அவள் வாசலில் வந்து உட்கார்ந்தார்.

"தங்கச்சி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி."

பூங்காவனம் அரிவாளைக் கீழே வைத்தாள். அவரையும் தமுக்கையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"இப்பத்தானே அண்ணே சொன்னீங்க, அளவில்லாம கெடக்குதுன்னு," என்றாள். "அதுல ஒரு வாய் மொண்டு குடிக்கறதுதானே?"

கோபமாகச் சொல்லவில்லை. சோர்ந்துபோய்ச் சொன்னாள். மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டார். அவள் உள்ளே போய், வண்டியில் போகும்போது பிள்ளைகளுக்கு ஆகட்டும் என்று வைத்திருந்த சொம்பை எடுத்துவந்தாள். காய்ந்த வாய்க்கால் மணலில் ஊற்றுத் தோண்டி, சுரக்கச் சுரக்க அகப்பையால் அள்ளிச் சேர்த்த தண்ணீர். அவர் குடித்தார். பாதிக்கு மேல் குடிக்க மனம் வரவில்லை. மீதியைப் பெரிய பெண்ணிடம் கொடுத்தார். அவள் குடித்துத் தங்கைக்குக் கொடுத்தாள். சொம்பின் அடியில் ஒரு வாய் மிஞ்சியது.

பூங்காவனம் அந்தச் சொம்பை வாங்கித் தமுக்கின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"இத்தனை நேரம் கத்துச்சு. இதுக்கும் தொண்டை காஞ்சிருக்கும்," என்று சொல்லி, மிஞ்சிய தண்ணீரை அதன் தோலின்மேல் ஊற்றினாள். உள்ளங்கையால் மெல்லத் தடவிவிட்டாள்.

தமுக்குக்கு அதுவரை யாரும் தண்ணீர் கொடுத்ததில்லை. விறைத்திருந்த தோல் மெதுவாக இளகியது. அடக்கிவைத்த அழுகையெல்லாம் அந்த ஈரத்தோடு சேர்ந்து இறங்கியது. நாடு முழுக்கச் சுற்றியும் கிடைக்காத ஒரு நிறைவு, இந்த வாசலில், ஒரு வாய்த் தண்ணீரில் அதற்குக் கிடைத்தது.

சூளை வண்டி வந்தது. பூங்காவனம் பிள்ளைகளை ஏற்றிவிட்டுத் தானும் ஏறிக்கொண்டாள். மாசிலாமணி எழுந்தார். இன்னும் ஒரு தெரு பாக்கியிருந்தது, அதில் ஆளில்லை என்றாலும் உத்தரவு உத்தரவுதான். தமுக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு, குச்சியை ஓங்கி, "நாட்டு வளத்துக்கு அளவில்ல" என்று கூவி ஓர் அடி அடித்தார்.

தமுக்கிலிருந்து சத்தம் வரவில்லை.